ரொபிப் பேணி

என் மேசையில் ரொபி இனிப்புகள் போட்ட ஒரு தகரப் பேணி இருக்கும். வகுப்பில் நான் பிழை விட்டால் அதைக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு ஒரு ரொபி. ஆனால் ரொபியைக் கொடுக்குமுன் நான் எழுந்து நின்று, "ஓம், நான் பிழை விட்டிட்டன்" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்ல வேண்டும். சட்டம் போட்டவளே நான்தான் என்பதால் யாரிடமும் போய் முறையிடவும் முடியாது.

காரணம் இதுதான். ஒருமுறை ஏழெட்டு ஐம்பத்து நான்கு என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன். முப்பது பிள்ளைகளும் அப்படியே கொப்பியில் எழுதினார்கள். பிழையென்று தெரியாதா என்று கேட்டேன். தெரியுமாம். "பிறகேன் சொல்லேல்லை?" "நீங்கள் ரீச்சரெல்லே!" எனக்கு வந்த கோபத்தில் பிள்ளைகளுக்குப் பங்கே இல்லை. அடுத்த நாளே பேணி வாங்கினேன்.

எங்கள் பள்ளிக்கூடம் கொழும்புத்துறையில், கடலோரம். அதிபர் நடராசா டிசம்பரில் ஓய்வு பெற இருந்தார். அவர் உட்கார்ந்திருந்த அந்த அதிபர் கதிரை எனக்கு வேண்டும், மறைப்பானேன்? நல்ல மனிதர்தான், ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான். போன வருடம் விளையாட்டுப் போட்டியைக் கோயில் தேரன்று வைத்தார். ஆசிரியர்கள் ஒன்பது பேருக்கும் அது தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த ஒன்பதில் நானும் ஒருத்தி. ஓடுவதற்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. மைதானத்தில் நாங்களும் ஒலிபெருக்கியும்தான்.

கதிரைக்கு விண்ணப்பித்தவர்கள் தங்கள் கல்வித் தத்துவத்தையும் தலைமைத்துவத்தையும் பற்றி ஒரு பக்கம் எழுதி வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். நான் மூன்று புத்தகங்களைப் பார்த்து, வாயில் நுழையாத சொற்களாகப் பொறுக்கி எழுதினேன். ரொபிப் பேணியைப் பற்றி மூச்சும் விடவில்லை. பெரிய மனிதர்களுக்கு ரொபிக் கதை எழுதினால் சிரிக்க மாட்டார்களா?

பிறகு என் வகுப்பைப் பார்க்க அந்த அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கனகலிங்கம் என்று பெயர்; சாவகச்சேரிப் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பம். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நடராசா சேர் என் காதுக்குள், "உதயகலா, இண்டைக்கு உந்தப் பேணியை அலுமாரிக்குள்ளை வையும்" என்றார். வைத்தேன்.

பத்து நிமிடம் பாடத்தைப் பார்த்துவிட்டு, அதிகாரி தானே சோக்கை எடுத்தார். "கடற்கரைப் பிள்ளையளுக்குக் கடற்கணக்கு" என்று சிரித்துக்கொண்டு எழுதினார். மூன்று பேர் ஒரு வள்ளத்தில் போய்ப் பன்னிரண்டு கிலோ இறால் பிடிக்கிறார்கள். அதே வள்ளத்தில் ஆறு பேர் போனால் எத்தனை கிலோ? விடையையும் அவரே எழுதினார்: இருபத்து நான்கு.

முன்வரிசையில் ஆரணியின் கை மேலே போனது. அவளுடைய அப்பா கடற்றொழிலுக்குப் போகிறவர். நடராசா சேர் இருமினார். ஆறு மாதமாகக் கனவு கண்ட கதிரை அந்தச் சின்னக் கையில் தொங்குவது தெரிந்தது. பேசாமல் இரு என்று கண்ணைக் காட்டினேன்.

ஆரணி கையை இறக்கினாள். என்னை ஒருமாதிரிப் பார்த்தாள். பிறகு எழுந்தே நின்றுவிட்டாள்.

"ரெண்டு பிழை."

"ரெண்டோ?" என்றார் அதிகாரி.

"ஓம் சேர். எங்கடை அப்பான்ரை வள்ளத்திலை ஆறு பேர் ஏறினால் நாங்கள் இறால் பிடிக்கேலாது, இறால்தான் எங்களைப் பிடிக்கும். அது உங்கடை பிழை. சொல்லாமல் இரு எண்டு கண்ணைக் காட்டினது ரீச்சரின்ரை பிழை."

வகுப்பு முழுவதும் "ஓம்!" என்று கத்தியது.

வெட்கத்தில் என் காது சுட்டது. அடுத்த கணமே சிரிப்பும் வந்தது, அடக்க முடியவில்லை. கதிரை போனால் போகட்டும், இப்படி ஒரு பிள்ளை என் வகுப்பில் இருக்கிறாளே! அலுமாரியைத் திறந்து பேணியை எடுத்து மேசையில் வைத்தேன். நிமிர்ந்து நின்று, "ஓம், நான் பிழை விட்டிட்டன்" என்றேன். ஒரு ரொபி கொடுத்தேன். ஆரணி போகவில்லை. அதிகாரியைப் பார்த்தபடி நின்றாள்.

"சேரும் சொல்லோணும்."

கனகலிங்கம் சேர் சோக்கைக் கீழே வைத்தார். "ஓம், நானும் பிழை விட்டிட்டன். தோட்டம் கொத்திற கணக்கைக் கொண்டுவந்து வள்ளத்திலை ஏத்திப்போட்டன், பிள்ளை." பிள்ளைகள் மேசையில் தட்டிய தட்டில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. இரண்டாவது ரொபியை அவர் கையாலேயே கொடுத்தார்.

போகும்போது நான் எழுதி அனுப்பிய பக்கத்தைத் திருப்பித் தந்தார். "இதை மாதிரி என்னட்டைப் பத்து இருக்கு. இந்தப் பேணி ஏன் இதிலை இல்லை?"

"பயம், சேர்."

"அப்ப வேறை எழுதி அனுப்புங்கோ."

அன்று எழுதியது ஆறே வரி. புத்தகம் எதையும் திறக்கவில்லை.

ஜனவரியில் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன். பேணியும் என்னோடு அதிபர் அறைக்கு வந்தது. முதல் கூட்டத்தில் ஆசிரியர்களுக்கும் அதே சட்டம்தான் என்று சொன்னேன். எல்லாரும் மரியாதையாகப் புன்னகைத்தார்கள். ஒருவர்கூட நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. நான் விடவில்லை. மாதக்கணக்காகப் பேணியைக் கூட்டத்தின் நடுவில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு ஒரு நாள், மிடுக்காக விளையாட்டுப் போட்டிக்கான திகதியை அறிவித்தேன். என் இடத்துக்குப் புதிதாக வந்த றஜிந்தன் மெல்லக் கையைத் தூக்கினான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு கை. பிறகு இன்னொன்று. நான் எண்ணி முடிக்கும்போது ஒன்பது கையும் மேலே நின்றன.

"ரீச்சர்," என்றான் றஜிந்தன், "அண்டைக்குத் தேர்."

அவ்வளவு சந்தோசமாக நான் வாழ்நாளில் எழுந்து நின்றதில்லை. பேணியைத் திறந்தேன். உள்ளே எட்டு ரொபிதான் இருந்தது.