முதுகுகளுக்குச் சொன்னது

…வீட்டில் என்று ஏன் சொன்னேன், ஒன்றும் சொல்லாமல் அவளுடைய பெட்டியை வாங்கிக்கொண்டு பேருந்தைக் காட்டியிருக்கலாம், ஆனால் கியோட்டோ நிலையத்தில் ஒர்னெல்லா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்து, என்னைக் கட்டிப்பிடித்து, விட்டு, என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, இரண்டு விரலால் தன் இடது புருவத்தைத் தடவி, எங்கே என்று கேட்டபோது என் கைகள் தாமாக எழுந்து ஒரு கூரையைக் காட்டின. வீட்டில். புருவத்தைத் தடவினால் சாயோ. சின்ன வயதில் ஊஞ்சலில் இருந்து விழுந்த தழும்பு அங்கே இருந்தது, காது கேளாதோர் பள்ளியில் அதையே அவளுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். என் மனைவியின் பெயரைச் சொல்ல நான் என் முகத்தைத் தொட வேண்டும். பதினொரு மாதமாகத் தொடவில்லை. தலைக்குள் ஒரு ரத்தக்குழாய், முப்பத்தொரு வயது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இறந்துவிட்டாள் என்பதை மற்றவர்கள்தான் சொன்னார்கள்… மருத்துவமனையில் சைகை மொழிபெயர்ப்பாளர், சடங்கில் அவள் அண்ணன், காது கேளாதோர் சங்கத்தில் மேடையேறி யாரோ. பெரிய வேலை இல்லை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நிறுத்தி, அப்படியே பக்கவாட்டில் சாய்க்க வேண்டும், குழந்தைக்குக்கூட வரும். என் கைகள் இதுவரை சாயவில்லை.

பேருந்தில் எட்டுப் பேர், எல்லோரும் இத்தாலியின் டூரினில் இருந்து வந்தவர்கள், எல்லோருக்கும் காது கேட்காது, எனக்கும் கேட்காது, ஓட்டுநருக்கு மட்டும் கேட்கும், பாவம், அவர்தான் தனியாள். ஒருவரும் ஜன்னல் வழியே ஊரைப் பார்க்கவில்லை, இருக்கைகளுக்கு மேலே கைகள் பறந்துகொண்டிருந்தன, எனக்கும் புரியட்டும் என்று சர்வதேசச் சைகையில், நாங்கள் கூடினால் முதலில் செய்திதான், யார் யாரைக் கட்டினார்கள், யார் பிரிந்தார்கள், யாருக்கு என்ன அறுவை சிகிச்சை. அடுத்த அறையில் பேசுவது எங்கள் காதில் தானாக வந்து விழாது, ஒருவர் சொன்னால்தான் உண்டு, அதனால் தெரிந்ததை மறைப்பது எங்களுக்குள் திருட்டுக்குச் சமம். அடித்தாலும் மன்னிப்பார்கள், மறைத்தால் மாட்டார்கள். மூன்று வருடம் முன்பு ஒர்னெல்லா முதல் முறை வந்தபோது சாயோதான் வழிகாட்டி, நான் பெட்டி தூக்கினேன், டிக்கெட் வாங்கினேன். பிரியும்போது இருவரும் நிலையத்தில் முக்கால் மணி நேரம் பேசி ரயிலை விட்டார்கள். அப்படிப்பட்டவளிடம் வீட்டில் என்று சொல்லியிருக்கிறேன். பெப்பே என் எதிரே வந்து உட்கார்ந்தான், ஐம்பது வயது, தச்சன், விரல்கள் ஒவ்வொன்றும் வாழைப்பழம் மாதிரி. “கைடு, உன் மூஞ்சி எங்க? வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டியா?” சுற்றி இருந்தவர்கள் குலுங்கிச் சிரித்தார்கள். அவன் சொன்னது சரி. சைகையில் பாதி முகம், புருவம் ஏறாவிட்டால் கேள்விகூடக் கேள்வியாக இருக்காது. பசிக்கிறதா என்று நான் கேட்டதற்கு, “என்னய்யா, பசிக்குதுன்னு நீயே தீர்ப்பு சொல்ற?” என்றான். எனக்கும் ஒரு முகம் இருந்தது. எப்போது போயிற்று, யார் எடுத்துக்கொண்டது?

மதியம் சூடான தோஃபுச் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள், ஆவியில் கைகள் மங்கித் தெரிந்தன, ஒர்னெல்லா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள், “வேலைக்குப் போயிருக்காளா? உடம்பு சரியில்லையா? சண்டை போட்டீங்களா?” மூன்றுக்கும் ஒரே தலையசைப்பு, அது ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. பெப்பே தன் கைபேசியை மேசை மேல் நிமிர்த்தி வைத்தான். “இப்பவே வீடியோல கூப்பிடு. அந்தப் பொண்ண நாங்களும் பாக்கணும். மூணு வருஷமா இந்தம்மா சாயோ சாயோன்னு எங்க உயிர வாங்குது.” “நீ சும்மா இருடா, தடியா,” என்றாள் ஒர்னெல்லா, பையில் இருந்து சாக்லேட் டப்பா ஒன்றை எடுத்து, நீட்டிய என் கையில் தராமல் மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள். “உன்கிட்ட குடுத்தா நீயே தின்னுடுவ. சாயங்காலம் நானே வீட்டுக்கு வந்து அவ கையில குடுக்கறேன்.” இப்போது சொல்லலாம். எட்டு முகம் என்னைப் பார்க்கிறது, கைகள் காலியாக இருக்கின்றன, சட்டியில் தோஃபு ஆடுகிறது… “தோட்டம் பாத்துட்டு கூப்பிடலாம்,” என்றேன். ஒரு மணி நேரம் வாங்கிவிட்டேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்?

தோட்டத்துக் கோயிலுக்குப் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. காப்பாளர் ஒகுதா என்னும் அம்மையார் வாசலில் குனிந்து வரவேற்றார், தோட்டத்தைப் பார்த்த கண்ணாடிக் கதவுகளை இழுத்து மூடியிருந்தார்கள், பாய் விரித்த அறையில் விளக்கு எரிந்தது. இங்கே வேலை செய்யும் முறை சாயோ வகுத்தது. காது கேட்கும் வழிகாட்டிகள் கையால் கல்லைக் காட்டிக்கொண்டே வாயால் பேசுவார்கள், எங்களால் அது முடியாது, என் கையைப் பார்த்தால் கல் போய்விடும், கல்லைப் பார்த்தால் நான் போய்விடுவேன். முதலில் கை, பிறகு கண், என்பாள். எல்லோரையும் தோட்டத்துக்கு முதுகு காட்டி உட்கார வைத்து முழுவதும் சொல்லி முடி, பிறகு திருப்பி விடு, மூன்று நிமிடம் அவர்களைத் தொடாதே. அப்படியே உட்கார வைத்தேன். நீரில்லாத் தோட்டம், மணல்தான் நீர், பாசிதான் கரை, கற்கள் ஏழு. கல்லைச் சொல்லும்போது மூடிய கையைத் தூங்கும் பூனையை இறக்கி வைப்பது போல இறக்கினேன், அது என் சைகை இல்லை, நான் கற்றுக்கொள்ளவும் இல்லை, அது எப்படி என் மணிக்கட்டுக்குள் வந்தது? ஒர்னெல்லா சட்டென்று நிமிர்ந்தாள். “அது சாயோவோட கல்லு!” என்று பக்கத்தில் இருந்தவரின் தொடையைத் தட்டிச் சொன்னாள். “பாத்தீங்களா, புருஷன் பொண்டாட்டி ஒரே கை.” எல்லோரும் சிரித்தார்கள். நான் ஏழாவது கல்லையும் இறக்கி வைத்தேன். என் கைகளில் இருந்தபடி அவள் வேலையை முடித்துக்கொண்டாள்.

திரும்பலாம் என்று காட்டினேன். எட்டு முதுகுகள். அகலமான பெப்பே, மெலிந்த இரு சகோதரிகள், நடுவில் ஒர்னெல்லாவின் பச்சைச் சால்வை. முதுகு காட்டியவரிடம் நாங்கள் எதையும் சொல்ல முடியாது, தோளைத் தட்டினால்தான் உண்டு, ஆகவே இந்த மூன்று நிமிடம் உலகத்தில் எனக்கு மட்டும் சொந்தமான அறை, இங்கே எதை வேண்டுமானாலும் சொல்லலாம்… சொல்லிப் பார்த்தால் என்ன? கண் இல்லாத இடத்தில் சொன்னது சொன்னதாகுமா? இரண்டு விரலை எடுத்து இடது புருவத்தில் வைத்தேன். சில்லென்று இருந்தது, விரலா புருவமா தெரியவில்லை. சாயோ. பிறகு உள்ளங்கைகளைச் சேர்த்தேன், கும்பிடுவது போல நின்றன, அப்படியே நின்றன, நிற்கட்டும் என்று ஒரு நொடி இருந்தது, பிறகு இடப்பக்கம் சாய்ந்தன. ஒன்றும் ஆகவில்லை. மறுபடி புருவம், மறுபடி சாய்ந்தன. மூன்றாம் முறை என் முகத்தில் ஏதோ நடந்தது, தசைகள் தமக்குள் பேசிக்கொண்டன, புருவம் இறங்கியது, உதடு ஒரு பக்கம் இழுத்தது. அந்த முகத்தை நான் பார்த்தேன். பாசிக்கும் மணலுக்கும் நடுவே, மூன்றாவது கல்லுக்குச் சற்று மேலே, மழை வழியும் கண்ணாடியில் ஒருவன் விளக்கு வெளிச்சத்தில் நின்று கைகளைச் சாய்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குக் கீழே ஒரு பச்சைச் சால்வை. சால்வைக்கு மேலே இரண்டு கண்கள், அவை கற்களைப் பார்க்கவில்லை.

அவள் திரும்பவில்லை. சாயோ இவளுக்கு ஐம்பது அறுபது ஜப்பானியச் சைகை கற்றுக் கொடுத்திருந்தாள், இது அதில் இருந்ததா என்று யோசித்தேன், மடத்தனம், அந்தக் கைகளை எந்த ஊர்க்காரனுக்குப் புரியாது? சால்வை ஒரு முறை ஏறி இறங்கியது. பெப்பே முதலில் எழுந்தான், கைபேசியை ஆட்டிக்கொண்டு வந்தான், “நேரம் ஆச்சு கைடு, கூப்பிடு உன் பொண்டாட்டிய!” ஒர்னெல்லா அவன் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். “வேண்டாம்.” “ஏன்? காலையில இருந்து நீதான குதிச்ச?” “வேண்டாம்னா விடு. எனக்குத் தலை வலிக்குது.” “உனக்குத் தலை வலிச்சா அவளுக்கு என்ன?” “டேய், போய் செருப்பப் போடு.” அவன் தோளைக் குலுக்கிக்கொண்டு போனான், மற்றவர்களும் போனார்கள். ஒர்னெல்லா என் எதிரே வந்து நின்றாள். காலையில் இருந்து ஓயாத கைகள் சால்வைக்குள் இருந்தன. கன்னம் நனைந்திருந்தது. ஏன் மறைத்தாய் என்று கேட்பாள், கேட்கட்டும், கேட்க உரிமை இருக்கிறது. கேட்கவில்லை. என் முகத்தை நெடுநேரம் பார்த்தாள், பிறகு வாசலுக்கு நடந்தாள். அவளும் இப்போது மற்ற ஏழு பேரிடம் ஒன்றை மறைக்கிறாள். அதை அவள் தலையில் ஏற்றி வைத்தது நான்தான்.

குடைகளை எண்ணிக்கொண்டிருந்தபோது ஒகுதா அம்மையார் பக்கத்தில் வந்து ஒரு சிறு தாளை நீட்டினார், எங்களுக்குள் எப்போதும் எழுத்துதான். ‘குரோகி-சான், மழை நாட்களில் கண்ணாடியில் உருவம் தெரிகிறது, விளக்கை அணைத்துவிடுங்கள் என்று வந்ததுமே எழுதிக் காட்டுவீர்கள். இன்று ஒன்றும் காட்டவில்லை. நானாக அணைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். விருந்தினர்களுக்குத் தோட்டம் சரியாகத் தெரிந்திருக்காது, மன்னிக்க வேண்டும்.’ சாயோ வழிகாட்டியபோதும் விளக்கு என் பொறுப்புதான், ஆறு வருடமாக ஒரு மழை நாளும் தவறியதில்லை. வாசலில் இவர் குனிந்தபோது கண்ணாடியைப் பார்த்தேன், விளக்கையும் பார்த்தேன், பேனா சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுத்து, மறந்துவிட்டேன் என்று எழுதத் தாளைச் சுவரில் வைத்தேன். மறந்து… என்பது வரை வந்தது. அதற்கு மேல் பேனா நகரவில்லை. அந்த அம்மையார் காத்துக்கொண்டு நின்றார்.