தலைகீழாய் விழுந்த முத்திரை

"அக்கா, உங்க வீட்டு முத்திரை ஏன் தலைகீழா இருக்கு?"

கேட்டபடியே ஹட்சுமி சுற்றுப் பலகையை என் சமையலறை மேசையில் வைத்தாள். அடுத்த வீட்டில் டோஃபு கடை நடத்துகிறவள். என்னைவிடப் பத்து வயது இளையவள், வாய் மட்டும் பத்து வயது மூத்தது.

தெருச் சங்கத்தின் அறிவிப்புகள் அந்தப் பலகையில் வீடு வீடாக வரும். படித்தவர்கள் தங்கள் குடும்ப முத்திரையைக் கட்டத்தில் குத்திவிட்டு அடுத்த வீட்டு வாசலில் மாட்ட வேண்டும். எங்கள் வீட்டில் அது என் கணவர் யசுமித்சுவின் வேலை. அவர் டிசம்பரில் இறந்து எழுபது நாள் ஆகிறது. அதன்பின் நான் அந்தப் பலகையைத் தொட்டதே இல்லை. அது வரவில்லையே என்றுகூடத் தோன்றவில்லை.

ஆனால் எங்கள் கட்டத்தில் 'குனுகி' என்று எங்கள் குடும்பப் பெயர் சிவப்பாக விழுந்திருந்தது, தலைகீழாக.

"போன ரெண்டு தடவையும் இப்படித்தான் இருந்துச்சு. கேக்கத் தயக்கமா இருந்துச்சுக்கா."

எங்கள் வழக்கத்தில் தலைகீழாக வைப்பதெல்லாம் செத்தவர்களுக்குத்தான். அவருக்கு உடுத்திவிட்டபோது கிமோனோவை இடம் வலம் மாற்றித்தான் மடித்தேன். தலைமாட்டில் நிறுத்திய மடக்குத் திரையும் தலைகீழாகத்தான் நின்றது.

"யாராவது இந்தப் பேர்ல ஒரு முத்திரையக் கடையில வாங்கியிருப்பாங்க," என்றாள் ஹட்சுமி.

"குனுகின்னு இந்த ஊர்லயே நாங்க ஒரு வீடுதான். கடையில எங்க கெடைக்கும்? இங்க பாரு, பேரச் சுத்தியிருக்கிற வளையம் ஒரு எடத்துல உடைஞ்சிருக்கு. வாசப்படியில அவர் கீழ போட்டு உடைச்சது."

"அப்ப அண்ணனே வந்துதான்..." சிரிக்க ஆரம்பித்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அலமாரியின் இழுப்பறையைத் திறந்தேன். முத்திரையின் சின்ன உறை வைத்த இடத்திலேயே இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

ஆவியாக இருந்தால் தேவலை என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். என் அம்மா அறுபத்தொன்பதாவது வயதில் சோற்றுப் பானையை மெத்தைக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, திருடன் வந்தான் என்று அழுதவள். கடைசியில் என்னையே யாரென்று கேட்டாள். எனக்கு இந்த மாதம் அறுபத்தொன்பது. நானே முத்திரையை எடுத்து, நானே குத்தி, நானே மறந்திருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை என் மகன் கசுஹரு வருகிறான். சைதாமாவில் தன் வீட்டுப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் பார்த்து வைத்திருக்கிறான். நான் தனியாகச் சமாளிக்கிறேனா என்று பார்த்துத்தான் முடிவு செய்வானாம். இன்று வெள்ளி.

"அவன்கிட்ட மூச்சு விட்டுடாத."

"நான் ஏன் சொல்றேன்? கையக் காட்டுங்க. நீங்களே குத்தியிருந்தா தெரிஞ்சுடும், முத்திரை மை லேசுல போகாது."

பள்ளிக்கூட டீச்சர்போல என் நகம் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது. அப்புறம் ஆணியில் தொங்கிய என் மேலங்கியை எடுத்தாள். பைக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு தீற்றல்.

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஹட்சுமி அதை முகர்ந்தாள். பிறகு, அருவருப்பே இல்லாமல், நக்கினாள்.

"உமேப் பழ ஊறுகாய். உப்பு ஜாஸ்தி போட்டிருக்கீங்க."

எழுபது நாளில் முதல்தடவையாகச் சிரித்தேன். ஆனாலும் பயம் போகவில்லை. மேலங்கி குற்றவாளி இல்லை, அவ்வளவுதான். என் மண்டையை யார் நக்கிப் பார்த்துச் சொல்வது?

"பலகை உங்கிட்ட எப்படி வருது?"

"காலையில சோயா அரைச்சு முடிச்சுக் கதவத் தொறந்தா மாட்டியிருக்கும். நீங்கதான் மாட்டறீங்கன்னு நெனச்சேன்."

"எனக்கு யார் வீட்லேருந்து வரணும்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மதில் பக்கம் திரும்பினோம். மதிலுக்கு அந்தப் பக்கம் ஓகுரி வீடு. எண்பது வயதுக் கிழவர், ஒண்டிக்கட்டை. அவருடைய சீமைப்பனிச்சைப் பழ மரத்தின் கிளை எங்கள் பக்கம் நீண்டதென்று என் கணவர் கேட்காமல் வெட்டிவிட்டார். பதினோரு வருடமாக இரு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பலகையைக்கூட எங்கள் வாசலில் மாட்டிவிட்டு முகம் காட்டாமல் போய்விடுவார்.

ஹட்சுமி ஒரு தட்டில் பொரித்த டோஃபுவை எடுத்துக்கொண்டாள். வெறுங்கையோடு போய் நிற்க முடியாதாம்.

"நீங்க முன்னாடி போங்கக்கா."

"நீ போ. உன் கையிலதான தட்டு இருக்கு."

கதவு திறந்தது. ஓகுரி தட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தலைகீழா குத்த ஆரம்பிச்சா மொதல் தடவையே நீங்க வந்துடுவீங்கன்னு சொன்னார். இது மூணாவது."

"யார் சொன்னது?"

"உங்க வீட்டுக்காரர்தான். வேற யாரு?"

செப்டம்பரில் ஒரு பகலில், நான் சந்தைக்குப் போயிருந்தபோது, என் கணவர் இந்த வாசலில் வந்து நின்றிருக்கிறார். முதலில் கிளைக்கு மன்னிப்புக் கேட்டாராம். பிறகு முத்திரையை இரண்டு கையாலும் நீட்டினாராம்.

"புத்தாண்டு வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாராம். 'நான் போயிட்டா அவ கதவத் தொறக்க மாட்டா. பலகை வீட்ல தேங்குச்சுன்னா சங்கத்துலேருந்து பையனுக்குப் போன் போட்டுடுவாங்க, அவன் கூட்டிட்டுப் போயிடுவான். இன்னியிலேருந்தே நீங்களே எங்களுக்கும் குத்தி அடுத்த வீட்ல மாட்டிடுங்க'ன்னார். நாப்பத்தொம்போதாம் நாள் துக்கம் முடிஞ்சும் வெளிய வரலைன்னா தலைகீழா குத்தச் சொன்னார். அடுத்தவங்க செருப்பு கோணலா கெடந்தாலே நேரா வைக்கிறவங்களாம் நீங்க. பயந்தாவது, கோவத்துலயாவது வந்து கேப்பீங்களாம்."

என் புத்தி சரியாகத்தான் இருக்கிறது. முதலில் அதுதான் தோன்றியது, வெட்கமில்லாமல். அதன்பின் கோபம் வந்தது. செப்டம்பர், அக்டோபர், நவம்பர். மூன்று மாதமும் வாயுத் தொல்லை என்றே என்னிடம் சொன்னார். சாப்பிட்டதும் படுத்துக்கொள்கிறீர்களே என்று தினமும் திட்டினேன். அவரும் சிரித்தபடி திட்டு வாங்கினார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அன்னிக்கே திட்டறத நிறுத்திடுவாளேன்னார்."

ஹட்சுமி என் முதுகில் கை வைத்தாள். எனக்குக் கேட்க வேண்டியது இன்னும் ஒன்று இருந்தது. கேட்கப் பயமாக இருந்தாலும் கேட்டேன்.

"அவருக்கு... பயமா இருந்துச்சா?"

ஓகுரி பொய் சொல்லத் தெரியாதவர்.

"ரொம்ப. இந்தப் படியில உக்காந்து நடுங்கினார். என்ன சொல்றதுன்னு தெரியாம டீ போட்டுக் குடுத்தேன்."

அங்கேயே அழுதேன். ஊரார் செருப்பையெல்லாம் நேராக்குகிறவள் நான். கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒரு மனுஷன் மூன்று மாதம் பயந்துகொண்டே படுத்திருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கசுஹரு வந்தான். அடுப்பு, மாத்திரை டப்பா, குளியலறை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா தனியா இருக்க உனக்குப் பயமா இல்லையாம்மா?"

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கேட்டிருந்தால் இல்லவே இல்லை என்று சாதித்திருப்பேன்.

"பயமாத்தான் இருக்கு. உங்கப்பாவுக்கும் இருந்துச்சு. நம்மகிட்ட மட்டும் சொல்லல," என்றேன். "நான் எங்கயும் வரல. ஆனா பயம் வந்தா உனக்குப் போன் பண்ணுவேன். எத்தன தடவ பண்ணாலும் நீ எடுக்கணும்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு," என்றான். நான் அவன் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன்.