தீனி கேட்காத கெளுத்திகள்

அரியலூரில் கிருஷ்ணமூர்த்தி வீட்டு ஹாலில் இருப்பதைக் கண்ணாடித் தொட்டி என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும். ஓய்வுபெற்ற கண்காணிப்பாளரான அவர் அதற்கு வைத்த பெயர் 'சுழற்சி அமைப்பு'. அடிமணலில் விரல் நீளத்தில், மீசை வைத்த ஆறு குட்டிக் கெளுத்திகள். அழுக்கைத் தின்னும் மீனுக்குத் தீனி எதற்கு என்பது அவர் கண்டுபிடிப்பு.

அதை நேரில் பார்த்து, அவரையே தலைவராக அறிவிக்க, ஓய்வூதியர் சங்கச் செயலாளர் நல்லதம்பி பொன்னாடையோடு வந்திருந்தார். அந்தப் பதவிக்காக மூன்று தேர்தல் காத்திருந்தவர் கிருஷ்ணமூர்த்தி.

"ஒரு வருஷமா அதே ஆறு பேர் சார். தீனி கெடையாது. நம்ம பென்ஷன்காரங்களும் இப்படி இருக்கணும்."

"ஆமா, அகவிலைப்படி கேக்காம அழுக்கத் தின்னலாம்," என்றார் கூட வந்த சிங்காரவேலு. "நாலுதானங்க தெரியுது?"

"ரெண்டு பேரு கல்லுக்கடியில தியானத்துல இருக்காங்க."

சிரிப்பு அடங்குமுன், பெரம்பலூரில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் வளர்மதி, தண்ணீர் கட்டிய பிளாஸ்டிக் பையோடு மூச்சிரைக்க உள்ளே வந்தாள்.

"புஷ்பவல்லிக்கா, நேத்து செத்ததுக்குப் பதிலா ரெண்டு. இவங்கள்லாம் வர்றதுக்குள்ள வந்துடலாம்னு பாத்தேன், பஸ்ஸு லேட்டு."

காபித் தட்டோடு வந்த அவர் மனைவி புஷ்பவல்லி அப்படியே நின்றுவிட்டாள்.

கிருஷ்ணமூர்த்தி மனைவி பக்கம் திரும்பினார். "செத்ததா?"

"மாசா மாசம் சாவுதுங்க. நீங்க வாக்கிங் போறப்ப மாத்திடுவேன்," என்றாள் புஷ்பவல்லி.

"சொல்றதுக்கென்ன?"

"ஒரு சோத்துப் பருக்கை போட்டதுக்கே மூணு நாள் பேசாம இருந்தீங்க."

"செத்ததெல்லாம்?"

"கொல்லையில, முருங்கை அடியில."

முதல்முறையாக அவர் குனிந்து பார்த்தார். நான்கும் வயிறு ஒட்டிக் கிடந்தன. வளர்மதி தோள்பையைத் துழாவி ஓர் உருண்டைத் தீனியைப் போட்டாள். பரம சாது என்று அவர் ஊரெல்லாம் சொன்ன மீன்கள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி முட்டிமோதின.

"இப்படி ஓடுமா இது?" என்றார்.

"பசிச்சா ஓடாதுங்களா சார்?" என்றாள் வளர்மதி.

நல்லதம்பி பொன்னாடையை மடிப்புக் கலையாமல் கவருக்குள் செருகிக்கொண்டு எழுந்தார். "இன்னொரு நாள் வரோம் சார்."

கிருஷ்ணமூர்த்தி வழியனுப்ப எழவில்லை. தொட்டிமுன் முழங்காலிட்டபடி வளர்மதியிடம் உள்ளங்கையை நீட்டினார்.

"இன்னொன்னு குடும்மா."