நடுநாட்டின் நாற்றம்

பூங்கோதைக்குக் குடி என்றாலே குமட்டும். அப்படியிருந்தும் குடியைப் பற்றி அவளுக்குத் தெரிந்த அளவு விருத்தாசலத்தில் எந்தக் குடிகாரனுக்கும் தெரியாது. எல்லாம் அவளுடைய மூக்கு பார்த்த வேலை.

அவள் ஒரு பீங்கான் பட்டறை நடத்துகிறாள். ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கொலுப் பொம்மை என்று கேட்டதெல்லாம் செய்து கொடுப்பாள். காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால் ஆம்பிளைகள் எல்லாரும் கேட்டருகே வரிசையில் நிற்க வேண்டும். பூங்கோதை ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொருவராகக் குனிந்து அவள் முகத்துக்கு நேராக ஊத வேண்டும். நாறவில்லையென்றால் உள்ளே. நாறினால் வந்த வழியே வீட்டுக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருவன் போதையில், சூட்டோடு சரக்கு ஏற்றித் தள்ளுகிற சூளை வண்டியைத் தன் மேலேயே சாய்த்துக்கொண்டு கையைப் பொசுக்கிக்கொண்டான். மறுநாள் பட்டறைப் பெண்கள் கூட்டமாக வந்து, ஏதாவது செய்யுங்கள் என்று அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டார்கள். அன்றைக்கு ஆரம்பித்த ஏற்பாடு இது.

இதைவிடக் கேவலமான வேலை உலகத்தில் உண்டா என்று அவளுக்கே தோன்றும். விடிந்ததும் விடியாததுமாக ஊரான் வாய் நாற்றத்தை எல்லாம் வாங்கிக்கொள்ள வேண்டும். பீடி, பான்பராக், சொத்தைப் பல், நேற்றைய கருவாடு. இதற்கெல்லாம் அடியில் பதுங்கியிருக்கிற பிராந்தியைக் கண்டுபிடிக்க வேண்டும். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ராஜா என்று ஒருவன், சூளையில் வேலை செய்கிறவன். கொய்யா இலையை மென்றுகொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வந்து நிற்பான். "பிராந்தியில கொய்யா எல போட்டு எந்தக் கடையிலடா குடுக்குறாங்க?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவாள். வரிசையே சிரிக்கும். ராஜாவும் சிரித்துக்கொண்டே போவான். அவள் மூக்கை யாரும் குறை சொன்னதில்லை. அந்தம்மாவுக்குக் குடி ஆகாது, யாரையும் விட மாட்டாள், யாரையும் வெளியில் காட்டிக்கொடுக்கவும் மாட்டாள் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. கேட்டில் நடந்தது கேட்டோடு சரி.

அந்த நம்பிக்கைக்குப் பலனாகக் கிடைத்தவன் மாரிமுத்து. திங்கட்கிழமை தவறாமல் நாறிக்கொண்டு வந்தவன், பொங்கலுக்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. அவன் மனைவி சிந்தாமணி அதே பட்டறையில் பொம்மைகளுக்கு வண்ணம் பூசுகிறாள். "உங்க மூக்குக்குப் பயந்துதாம்மா வுட்டுட்டாரு. வூட்டுல இப்ப சத்தமே இல்லீங்க" என்று ஒருநாள் அவள் சொன்னபோது பூங்கோதை ஜாடிக்கு மூடி பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவளுடைய தம்பி கோகுலகிருஷ்ணன் புதுச்சேரியிலிருந்து வந்து சேர்ந்தான். அக்கா காலையே சுற்றி வளர்ந்தவன். கோழிப்பண்ணை வைத்துக் கவிழ்த்தான், செல்போன் கடை வைத்துக் கவிழ்த்தான். இப்போது புதுச்சேரியில் சொந்தமாக பீர் காய்ச்சி விற்கிற கம்பெனி ஒன்றில் விளம்பர வேலை. அந்தக் கம்பெனிக்கு ஓர் ஆசை வந்திருக்கிறதாம். கொங்குநாட்டுக்கு ஒரு பீர், செட்டிநாட்டுக்கு ஒரு பீர் என்று சீமை சீமையாகப் பீர் காய்ச்சியாகிவிட்டது. மிச்சம் விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள இந்த நடுநாடு. மூன்று பீர் செய்து வைத்திருக்கிறார்கள். எது நடுநாட்டு பீர் என்று இந்த மண்ணைச் சேர்ந்தவர்களே தேர்ந்தெடுக்க வேண்டுமாம். கோப்பையும் இந்த மண்ணிலேயே செய்ததாக இருக்க வேண்டுமாம்.

"உன் மூக்கப் பத்தி மொதலாளிகிட்ட சொன்னேங்க்கா. அசந்துட்டாரு. நீ குடிக்க வேணாம். மோந்து பாத்து சொல்லு, போதும்."

"செருப்பால அடிப்பேன்" என்றாள் பூங்கோதை.

"இதுவும் போச்சின்னா நான் எங்கக்கா போவேன்?"

ஞாயிற்றுக்கிழமை, பட்டறை லீவு நாளில், யாருக்கும் தெரியாமல் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கார் வந்தது. மாநில எல்லை தாண்டி அந்தப் பாட்டில்கள் எப்படி வந்தன என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனி முதலாளிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தாடியை நெய் தடவிச் சீவிய மாதிரி வைத்திருந்தான். அச்சுகள் அடுக்கிவைத்த கொட்டகையைப் பார்த்து, "வாவ், என்ன ஒரு உண்மையான இடம்" என்றான். பொய்யான இடம் எங்கே பார்த்தானோ.

கூடத் தீர்ப்புச் சொல்ல இரண்டு பேர். ஒருவர் ரைஸ்மில் கொளஞ்சிநாதன். ஊரில் எந்தக் கமிட்டி போட்டாலும் அதில் அவர் இருப்பார். இன்னொருவர் கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற பழமலைநாதன். அவர் விபூதிப் பட்டையை அழித்துவிட்டு வந்திருந்தார். அழித்த தடம் நெற்றியில் அப்படியே தெரிந்தது. அதைப் பார்த்ததிலிருந்தே பூங்கோதைக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

முதலில் பலாப்பழ பீர். கொளஞ்சிநாதன் ஒரே மூச்சில் இறக்கிவிட்டு, "பலா பண்ருட்டிக்காரனுது. அவன் பழத்த வச்சி நம்ம ஊருக்கு என்னா பெருமை?" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார். அடுத்தது கம்பு பீர். பழமலைநாதன் அதைக் கொஞ்சம் உறிஞ்சி, கண்ணை மூடி, ஆடி மாசக் கூழைப் பற்றியும் பல்லவர்களைப் பற்றியும் பேச ஆரம்பித்தார். பேசி முடித்து இன்னொரு வாய் உறிஞ்சி, ருசி கலந்துவிடக் கூடாது என்று முதலாளி சொல்லிக்கொடுத்தபடி வாயிலிருந்ததைத் துப்பினார். துப்புவதற்கு அவர் இழுத்துக்கொண்டது பட்டறை பக்கெட். வார நாளெல்லாம் அவளுடைய ஆட்கள் களிமண் கரைசலை அள்ளி அச்சில் ஊற்றுகிற பக்கெட். நுரையும் எச்சிலுமாக அது அடியில் தேங்குவதைப் பார்த்து பூங்கோதை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோகுலகிருஷ்ணன் செல்போனைத் தூக்கிப் பிடித்து எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டிருந்தான். கம்பெனிக்குக் காட்ட என்றான்.

அவளும் மோந்துதான் பார்த்தாள். பலா பீர், கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இலை போடுகிற இடம். கம்பு பீர், ஈரம் காயாத கோணிச் சாக்கு. அப்படியே சொன்னாள். முதலாளி குதித்தான். "பாருங்க, இதுதான் மூக்கு! நாங்க பெங்களூர்ல இருந்து வரவழைச்ச ஆளு கூட இப்படிச் சொல்லல." அவள் திட்டினாள், அவன் பாராட்டாக வாங்கிக்கொண்டான். இந்த ஜென்மங்களை என்ன சொல்லித்தான் திட்டுவது என்று அவளுக்குப் புரியவில்லை.

மூன்றாவது முந்திரிப்பழம். கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தைத் தோப்பிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். சித்திரை வெயிலில் அது புளித்து, ஈ மொய்த்து, கருவேப்பிலங்குறிச்சி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள்கூட மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். அதை வடித்துக் கள்ளத்தனமாகக் காய்ச்சுகிறவர்களும் உண்டு. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் அவளுக்குக் குப்பென்று அடித்தது. அந்த நாற்றம் அவளுக்குத் தெரியும். எத்தனையோ திங்கட்கிழமை அவள் முகத்தில் வந்து மோதிய நாற்றம். கோப்பையை டக்கென்று பலகையில் வைத்தாள். பீர் சிந்தியது.

"தூ! இது நம்ம மாரிமுத்து வாயி. திங்கக்கெழம காலையில ஊதுவானே, அதே நாத்தம். இதாங்க எங்க ஊரு. இத வுட்டுட்டுப் பலாங்குறீங்க, கம்புங்குறீங்க, யார ஏமாத்துறீங்க?"

முதலாளி கை தட்டினான். கொளஞ்சிநாதன் தொடையில் தட்டிச் சிரித்தார். பழமலைநாதன், "மண்ணின் குரல்" என்றார். நடுநாட்டு பீர் முடிவாகிவிட்டது. கோகுலகிருஷ்ணன் கண் கலங்கிப் போய், "அக்கா, நீ தெய்வம்க்கா" என்றான். அவர்கள் போன பிறகு பூங்கோதை அந்தப் பக்கெட்டைத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் கவிழ்த்து, பினாயில் ஊற்றித் தேய்த்தாள். கை எரியும்வரை தேய்த்தாள்.

அன்றைக்குச் சாயங்காலமே வீடியோ வந்துவிட்டது. தம்பிக்காரன் நல்ல பிள்ளை, ஒரு வார்த்தையைக்கூட மாற்றவில்லை. அவள் முகம், தூ என்று துப்புகிற உதடு, மாரிமுத்து என்ற பெயர், கீழே பெரிய எழுத்தில் 'நடுநாட்டின் வாசம்'. டீக்கடையில் பார்த்தார்கள், ஸ்டேஷனில் பார்த்தார்கள், வேப்பூரில் சாப்பாட்டுக்கு நின்ற லாரிக்காரன்கூடப் பார்த்தான். போனில் கூப்பிட்டு அழிக்கச் சொல்லிக் கத்தினாள். "அக்கா, ஊரே பாக்குதுக்கா, இப்பப் போயி அழிக்கச் சொல்றியே" என்று சந்தோஷத்தில் குழறினான். வேலை போய்விடும் என்று அழுத அதே வாய். போனை அணைத்தாள். அவர்கள் பேரில் வந்த அருவருப்பு ஒவ்வொரு படியாக இறங்கி அவள் பேரிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. போன வருஷம் என்று ஒரு வார்த்தை முன்னால் போட்டிருக்கலாமே. யாரோ ஒருத்தன் என்று சொல்லியிருக்கலாமே. பேரைச் சொல்லாமல் நாற்றத்தைச் சொல்லத் தெரியாமல் போய்விட்டதே.

திங்கட்கிழமை ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஆம்பிளைகள் வரிசையில் வந்து நின்றார்கள். பெண்கள் வழக்கம்போல உள்ளே போகாமல் தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்றார்கள். சிந்தாமணி தலையைக் குனிந்தபடி நின்றாள்.

வரிசையில் முதல் ஆளாக மாரிமுத்து நின்றான். குளித்து, தலையைப் படிய வாரி, வெளுத்த சட்டை போட்டிருந்தான். எப்போதும் கலைந்த தலையோடு, கைலியோடு வருகிறவன்.

"மாரிமுத்து, நான் நேத்து..." என்று ஆரம்பித்தாள்.

"வேல நேரம் ஆவுதுங்க."

"சரி. ஊது."

"ஊத மாட்டேங்க."

"குடிச்சிருக்கியா?"

"குடிச்சிருந்தா ஊதிட்டு வூட்டுக்குப் போயிருப்பேன். குடிக்கல. எம் பொண்ணு இன்னைக்கி ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னுட்டா. உங்கப்பன் வாயத்தான் பாட்டில்ல அடச்சி விக்கிறாங்களாமேன்னு தெருவுல புள்ளைங்க கேக்குதாம். இனிமே இந்த வாய உங்க மூஞ்சிக்கு நேரா தெறக்க மாட்டேங்க. உள்ள வுட்டா வேல பாக்குறேன். இல்லன்னா போயிட்டு வரேன்."

ஊதாதவன் உள்ளே போகக் கூடாது. அவள் போட்ட சட்டம். ஆனால் அவன் குடிக்கவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவு தூரத்திலேயே பல்பொடி வாசம் வந்தது, சோப்பு வாசம் வந்தது. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தாள். வாயைத் திறந்தால் நேற்று அந்தக் கோப்பையிலிருந்து ஏறிய நாற்றம் தன் வாயிலிருந்தே வரும் போலிருந்தது. ஒரு சொட்டுக்கூட நாக்கில் படவில்லை, ஆனாலும் அப்படித்தான் இருந்தது. ஸ்டூலைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிட்டாள். மாரிமுத்து அவளைப் பார்க்காமல் உள்ளே போனான்.

அடுத்தவன் வந்தான். அவனும் உதட்டை இறுக்கிக்கொண்டு அவளைத் தாண்டினான். அதற்கடுத்தவனும் அப்படியே. யாரும் முறைக்கவில்லை. வரிசை அதன்பாட்டுக்கு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் ராஜா வந்தான். கொய்யா இலைகூட மெல்லவில்லை. இன்றைக்கு அதற்கு அவசியமில்லை என்று வரிசையில் நின்றபோதே கண்டுகொண்டிருப்பான். அவனும் மற்றவர்களைப் போலவே வாயை இறுக்கி மூடியிருந்தான், கண் மட்டும் சிவந்து மிதந்தது. அவள் பக்கத்தில் வந்ததும் மூக்கு வழியாகவே வந்தது. பிராந்தி. ராத்திரிக் குடி இல்லை, விடியற்காலையில் குடித்தது. பூங்கோதை எழுந்தாள்.

"ராஜா, நில்லு."

ராஜா நின்றான். திரும்பி அவளைப் பார்த்தான். உள்ளே போனவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டி ஓரத்திலிருந்து சிந்தாமணி முதன்முதலாக நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"என்னாம்மா," என்றான் ராஜா மெதுவாக, "எம் பேருலயும் ஒண்ணு காச்சப் போறீங்களா?"

கையால் போ என்று சாடை காட்டினாள். வெளியே போகச் சொன்னாளா உள்ளே போகச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியாது. ராஜா உள்ளே போனான். அன்றைக்குச் சூளையில் வண்டி தள்ளுகிற முறை அவனுடையது.