தரையில் வைக்க வேண்டிய கோப்பை

"குடிச்சியா, இல்ல சும்மா உதட்டுல வெச்சியா?"

"குடிச்சேன் பெரியப்பா."

"முழுசாவா?"

"முழுசா. திரும்ப ஊத்தினாங்க. அதையும் குடிச்சேன்."

வாடகை வீட்டுக்காரர் அபூ லைத் வண்டியை ஆலிவ் தோப்பின் ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பின் இருக்கையில் அவருடைய மைத்துனர் நஸ்ஸார் இருமினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது இருமல் இல்லை, சிரிப்பு என்று ஃபௌஸிக்குத் தெரிந்தது.

"ஊர்ப் பெரிய மனுஷங்க அத்தனை பேரும் காப்பிக் கோப்பையத் தரையில வெச்சுட்டு, பையனைப் பறிகொடுத்தவர் முகத்தையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கோம். நம்ம மலேசியா மாப்பிள்ளை இன்னொரு கோப்பை கேக்குறாரு!"

"நான் கேக்கல. அவங்களே ஊத்தினாங்க."

"நீ சும்மா இரு, நஸ்ஸார்," என்றார் அபூ லைத். பிறகு ஃபௌஸியிடம், "கேக்க வந்தவன் குடிக்கக் கூடாதுடா. 'வந்த காரியம் ஆச்சு, குடிங்க'ன்னு அவர் வாயால சொல்லணும். அதுக்கு முன்னாடி குடிச்சா, எனக்குக் கேக்க ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஜெயில்ல இருக்கிற ஹனிஃபுக்கு இந்த நாட்டுல நீதான் சொந்தம். நீயே குடிச்சுட்டா நாங்க எதைக் கேக்கறது?"

அப்படித்தான் நடந்தது. தூதுக்குத் தலைமை தாங்கிய முதியவர் தொண்டையைச் செருமிப் பேச ஆரம்பித்தபோது, பையனை இழந்த ஹாஜ் மிஃப்லெஹ் ஃபௌஸியின் காலிக் கோப்பையைப் பார்த்தார். "விருந்தாளிங்க குடிச்சுட்டாங்க," என்று சொல்லி எழுந்துகொண்டார். முதியவரின் வாய் திறந்தபடியே இருந்தது.

ஃபௌஸியின் ஊரில் சட்டம் வேறு. மலேசியாவின் கிளந்தானில் ஒருவர் நீட்டியதைத் தொடாமல் எழுந்துபோனால் வழியில் பாம்பு கடிக்கும், வண்டி மோதும். பசியில்லை என்றால் விரல் நுனியாலாவது தொட்டு உதட்டில் வைத்துவிட வேண்டும். ஏற்கெனவே வண்டி மோதிப் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு அது. அந்தக் கோப்பையை எப்படி அப்படியே விட முடியும்? இந்தப் பயத்தைச் சொல்ல அவனிடம் அரபி இல்லை. அவனிடம் இருந்தது பாடப்புத்தகத்தின் அரபி. வெள்ளிக்கிழமைப் பிரசங்க மேடையிலிருந்து இறங்கி வந்தவன்போல் தக்காளி விலை கேட்கும் அரபி.

அதை வைத்துத்தான் அவனும், அவனோடு படிக்க வந்த ஊர் நண்பன் நிக் ஹனிஃபும் ஒரு குளிர்காலம் முழுக்கச் சிரித்திருந்தார்கள். ரொட்டிக் கடைக்காரர் மரியாதைக்கு, "காசு வேணாம், இருக்கட்டும்," என்று சொல்வார். ஃபௌஸி நெகிழ்ந்துபோய் நன்றி சொல்லிவிட்டு ரொட்டியோடு வந்துவிடுவான். ஒருநாள் அவர் மாவுக் கையோடு தெருவில் துரத்திக்கொண்டு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. டாக்சிக்காரர் புருவத்தை உயர்த்தி நாக்கால் 'ச்' கொட்டினால் 'வர மாட்டேன்' என்று பொருள். ஃபௌஸி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுவான். ஹனிஃப் இதையெல்லாம் நடித்துக் காட்டும்போது இர்பித் நகரின் அந்தக் குளிர்ந்த அறை கொஞ்சம் சூடானதுபோல் இருக்கும்.

பிறகு ஒரு மூடுபனிக் காலையில், இரவல் காரில் கோழி வாங்கப் போன ஹனிஃப், வளைவில் ஹாஜ் மிஃப்லெஹின் மகன் குதைபாவை இடித்துவிட்டான். குதைபா சாலையிலேயே இறந்தான். அந்த வீட்டார் சமாதானத் தவணை, அதாவது பழிவாங்காமல் பொறுத்திருக்கும் கெடு, கொடுக்கும்வரை ஹனிஃபை வெளியே விட மாட்டார்கள். விட்டாலும் அவன் உயிருக்குப் பொறுப்பில்லை.

தூது கெட்டுப்போன செய்தியைச் சொல்ல ஃபௌஸி சிறைக்குப் போனான். ஹனிஃப் மெலிந்திருந்தான். அரபி பேசுவதையே விட்டிருந்தான்.

"எப்ப விடுவீங்கன்னு கேட்டேன், காவலாளி 'நாளைக்கு, இறைவன் நாடினால்'னு சொன்னான்டா. நான் துணியெல்லாம் மடிச்சு வெச்சுக்கிட்டு விடியறதுக்கு முன்னாடியே கதவுகிட்ட உக்காந்துட்டேன். கூட இருந்தவங்க வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் ஒருத்தர் என் தலையத் தடவிக் கொடுத்தார். அப்பதான் புரிஞ்சது, அது இல்லங்கறத மரியாதையா சொல்ற விதம்னு."

ஃபௌஸி சிரிக்க முயன்றான். ஹனிஃப் சிரிக்கவில்லை.

"நீ போய்ப் பேசினியா? என்ன சொன்னாங்க?"

"இன்னொரு தடவ போறோம்," என்றான் ஃபௌஸி.

பெரியவர்கள் யாரும் இன்னொரு தடவை வரவில்லை. "அவனைக் கூட்டிக்கிட்டுப் போனா என் மீசைக்கு உத்தரவாதம் யாரு?" என்று முதியவர் கேட்டாராம். அபூ லைத் மட்டும் வந்தார். நஸ்ஸார் வாசலில் வண்டியோடு நின்றுகொண்டார்.

ஹாஜ் மிஃப்லெஹ் தன் கையாலேயே ஊற்றினார். ஏலக்காய் மணம் எழுந்தது. ஃபௌஸி கோப்பையை வாங்கி முன்னால் தரையில் வைத்தான். கொஞ்சம் சிந்தியது.

"அன்னைக்குக் கசக்கல. இன்னைக்குக் கசக்குதா?" என்றார் ஹாஜ்.

அபூ லைத் பேச வாயெடுத்தார். ஹாஜ் கையை உயர்த்தினார். "நீ இரு, அபூ லைத். குடிச்சவன் பேசட்டும்."

ஃபௌஸி மனப்பாடம் செய்து வந்ததை ஆரம்பித்தான். இறைவனைப் புகழ்ந்து, பொறுமையாளர்களைப் புகழ்ந்து, நீண்ட அழகான வாக்கியம். சுவரோரம் இருந்த குதைபாவின் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான், தோள்கள் குலுங்கின. சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. ஃபௌஸி பாதியில் நிறுத்தினான். பிறகு கடைத்தெருவில் பொறுக்கிய உடைந்த பேச்சில் சொன்னான்:

"எங்க ஊர்ல குடிக்கலன்னா கெட்டது நடக்கும் பெரியப்பா. உங்க வீட்டுல இனிமே எதுவும் நடக்கக் கூடாதுன்னுதான் அன்னைக்குக் குடிச்சேன்."

"நடக்க வேண்டியது நடந்தாச்சு."

"ஆமா."

ஹாஜ் காப்பிக் கூஜாவை இன்னும் கையிலேயே பிடித்திருந்தார்.

"வெளிய வந்தா அவன் முதல்ல உங்க முன்னாடிதான் வந்து நிப்பான்," என்றான் ஃபௌஸி. "திட்டுங்க, அடிங்க, வாங்கிப்பான். ஓட மாட்டான். அவனுக்கு ஒரு தவணை குடுங்க பெரியப்பா. குடுப்பீங்களா?"