அறுக்காத வலை

பெரியதம்பிக்கு வாய் கொஞ்சம் நீளம். போன மாதம் திண்டிவனத்தில் மீனவர் கூட்டம் நடந்தது. ஓங்கல், அதுதான் டால்பின், மீன் மாதிரி தண்ணீருக்குள் மூச்சு விடாது, நம்மைப் போல மேலே வந்துதான் மூச்சு வாங்கும், வலையில் சிக்கினால் சில நிமிஷத்தில் செத்துப்போகும், அதனால் யோசிக்காமல் வலையை அறுத்துவிடுங்கள் என்று கலைப்பிரியா என்ற பெண் வந்து பேசினாள். முதல் ஆளாக எழுந்து, நான் அறுப்பேன் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் இவன்தான். பொய்யில்லை. படகுக்கு முன்னால் ஓங்கல் துள்ளிப் போனால் அன்றைக்கு அவனுக்குப் பசியே தெரியாது.

மனைவி பிரபாவதி விழுப்புரத்துப் பக்கம் காணை ஊர்க்காரி, கரும்புக் கொல்லையில் கூலிக்குப் போனவள். கல்யாணமாகி மரக்காணம் பக்கம் வந்த பிறகுதான் வலை கட்டக் கற்றாள். இந்த வருஷம் விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. ஊசி நூலைத் தொடவே கூடாது என்றார் விழுப்புரத்து டாக்டர். கேட்டாளா மகராசி? வெந்நீரில் கையை நனைத்து நனைத்து, மூன்று மாதம் உட்கார்ந்து, வலைத்துண்டுகளைச் சேர்த்து, மிதவையும் ஈயமும் கோத்து முடித்தாள். அந்த வலை வியாழக்கிழமை காலையில் முதன்முதலாகக் கடலில் இறங்கியது.

இழுக்கும்போது கனத்தது. பார்த்தால் குட்டி ஓங்கல். வாலிலும் துடுப்பிலும் வலையின் நைலான் நரம்பு இறுக்கிச் சுற்றியிருந்தது. உயிர் இருந்தது. தாய் படகைச் சுற்றிச் சுற்றி வந்தது. கூட வந்திருந்த பிரபாவதியின் தம்பி தேவா கத்தியை நீட்டினான்.

"அறுத்துடு மாமா."

இரண்டு இழுப்பில் வேலை முடிந்திருக்கும். ஆனால் கத்தியை வலையில் வைத்ததும் அந்த வீங்கின விரல்கள் கண் முன்னால் வந்து நின்றன. பாழாய்ப்போன கை, வரவில்லை. ஜல்தியாகப் பிரித்தே எடுத்துவிடலாம் என்றான். ஒரு சுற்றைப் பிரித்தால் இன்னொரு சுற்று இறுகியது. குட்டிதான் என்றாலும் ஓர் ஆள் கனம். ஈயக்குண்டுகள் வேறு கீழே இழுத்தன. தேவா எவ்வளவு முயன்றும் அதன் தலையைத் தண்ணீருக்கு மேலே நிறுத்த முடியவில்லை.

கடைசியில் ஒரு கண்ணிகூட அறுபடாமல் வலை கைக்கு வந்தது. குட்டி செத்திருந்தது.

அதைக் கடலில் விட்டார்கள். தாய் வந்து மூக்கால் முட்டி மேலே தூக்கியது. குட்டி கீழே போனது. மறுபடி தூக்கியது. மூச்சு வாங்கட்டும் என்றுதான் தூக்குகிறது என்று அவனுக்குத் தெரியும். படகில் தலையைக் கவிழ்த்து அழுதான். அழுது என்ன, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

வீட்டில் பிரபாவதி வலையை விரித்துத் தடவிப் பார்த்தாள். ஓர் இடத்திலும் கிழிசல் இல்லை என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஆம்பளைகள் இரண்டு பேரும் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்று கேட்டாள். தேவாதான் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் வலையிலிருந்து கையை எடுத்தாள்.

"வலைக்கோசரமா அத்த சாக உட்டுட்ட?"

"ஒன் கைக்கோசரம்."

"அறுத்துக்கினு வந்திருந்தா மறுபடி கட்டியிருப்பேனே. என் கை மேலயா அந்தப் பாவத்தப் போட்ட?"

அவன் எழுந்து போய்க் கத்தியை எடுத்துவந்து வலையில் வைத்தான். அவள் வீங்கின விரல்களால் அதை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"இப்ப அறுத்து இன்னாத்துக்கு?"

வலை முழுசாக அவர்களுக்கு நடுவில் கிடந்தது.