முகம் சுளிக்காதவன்

என் மச்சான் கிடாடோ அடிக்குப் பயந்தவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்ததைக் கேட்டுவிட்டு நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள்.

எங்கள் ஃபுலானி மாட்டுக்காரர்களில் பெண் கேட்பவன் சந்தைத் திடலில் வெற்று உடம்போடு நிற்க வேண்டும். வேறு கூட்டத்து இளவட்டம் ஒருவன் பச்சைக் கம்பால் விலாவில் மூன்று அடி விளாசுவான். நிற்பவன் கையில் கண்ணாடியைப் பிடித்துத் தன் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். சுளித்தால் பெண் கிடையாது. மரியாதையும் போச்சு.

கிடாடோவுக்குப் பேசி முடித்திருந்த பெண் தாக்கோ. இவன் மனசெல்லாம் பால் விற்கும் கும்போவின் மேல். தாக்கோவுக்கு யோலா நகரத்தில் லாரி ஓட்டும் ஹம்மனின் மேல். தாக்கோ வீட்டில் சொல்லிப் பார்த்தாள். அவள் அப்பா சாம்போ காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கிடாடோ வாயே திறக்கவில்லை.

அடித்திருவிழாவுக்கு முந்தின நாள் தாக்கோ எங்கள் மாட்டுக் கிடைக்கே வந்துவிட்டாள். கன்றுகளைக் கட்டிக்கொண்டிருந்த என்னை அவள் சட்டை செய்யவில்லை.

"உங்க அப்பாகிட்ட சொன்னியா?"

"சொல்லணும்னுதான் இருக்கேன். அவரு மொகத்தப் பாத்தா வார்த்த வரமாட்டேங்குது."

"அப்ப சொல்ல வேணாம். நாளைக்கு ஒரே ஒரு தரம் வலிக்குதுன்னு கத்து. எங்கப்பா தானா பொண்ணு இல்லன்னுடுவாரு. நீயும் தப்பிச்ச, நானும் தப்பிச்சேன்."

கிடாடோ தரையைப் பார்த்தான். "ஊரே சிரிக்குமே தாக்கோ."

"அடுத்த மழ வரைக்கும் சிரிப்பாங்க. அப்புறம் வேற எவனாச்சும் கெடைப்பான். அதுக்காக நான் ஆயுசு பூரா அழணுமா?"

கடைசியில், "சரி, கத்துறேன்" என்றான்.

"சத்தியமா?"

"சத்தியமா."

அவள் போனதும் நான் சும்மா இருக்கவில்லை. எங்களில் மச்சான் முறைக்காரன் எதையும் கேலி பேசலாம். "கத்துறதுக்கு இப்பவே பழகிக்க மச்சான். கம்பு கொண்டாரட்டுமா?" என்றேன். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் அவன் கையில் கண்ணாடியைக் கொடுத்தது நான்தான். பக்கத்திலேயே நின்றேன். அடிக்க வந்தவன் பூபா, மலையடிவாரத்துக் கூட்டத்துக்காரன். முதல் அடிக்குக் கிடாடோ பாட்டுப் பாடினான். அடுத்த அடியில் தோல் கிழிந்தது. "என்னடா பூபா, காலைல சாப்பிடலையா?" என்று கேட்டான். திடலே ஆரவாரித்தது. பெண்கள் பக்கம் தாக்கோ கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

இன்னும் ஒரே அடிதான் பாக்கி. பூபா கம்பை ஓங்கினான். கத்தித் தொலையேன்டா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிடாடோவின் வாய் திறக்கவும் செய்தது. அப்போது கண்ணாடியில் அவன் முகத்துக்குப் பின்னால் அவன் அப்பா தெரிந்தார். பெருமை தாங்காமல் கண் கலங்கி நின்றார்.

அடி விழுந்தது. கிடாடோ சிரித்தான்.

இளவட்டங்கள் அவனைத் தூக்கிச் சுற்றி இறக்கினார்கள். சாம்போ வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆம்பளைன்னா இவன்தான். எம் பொண்ணு இவனுக்குத்தான்" என்றார்.

தாக்கோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவள் அழவில்லை, சத்தம் போடவும் இல்லை.

"இவன் ஒரு கோழைப்பா" என்றாள்.

விலாவிலிருந்து ரத்தம் இடுப்புத் துணிவரை வழிந்துகொண்டிருந்தவனைப் பார்த்து இப்படிச் சொன்னால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்? எல்லோரும் சிரித்தார்கள். "வெக்கத்துல ஏதோ உளறுறா" என்றார் சாம்போ.

கிடாடோ கண்ணாடியை இன்னும் இறக்காமல் பிடித்திருந்தான். அதில் அவன் முகம் சுளித்ததை நான் பார்த்தேன். ஆட்டம் முடிந்துவிட்டிருந்ததால் அது கணக்கில் வரவில்லை.